அலாவுதீன்: கதையும் ஆட்டமும்

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில் அமைந்துள்ள மரக்காணம் உப்பளங்களால் பெயர் பெற்ற ஊராகும். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர் பாத்தி பாத்தியாக வகுக்கப்பட்ட நிலப்பரப்பையும், ஆங்காங்கே குவித்து வைக்கப்பட்ட வெண்ணிறக் குவியல்களையும் காணலாம். சங்க இலக்கியம் பயின்றோர்க்கு இவ்வூர் புதியதன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. நெய்தல் நிலத்து உப்பையும், அதனை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்ற உமணரையும் பாடல்களில் மட்டுமே கண்டிருந்த நம் துறை மாணவர், அந்நிலத்தை நேரில் காணவும் அங்கு வழங்கும் கதைகளைத் திரட்டவும் விரும்பினர். ஒரு கோடையில் நாமும் அவர்களுடன் சென்றோம்.

உப்பு வாரும் வேலை வெயில் ஏறுமுன்பே தொடங்கிவிடுகிறது. முற்பகலில் வேலை ஓய்ந்து நிழலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரிடம் மாணவர் கதை கேட்டனர். அவர் கூறிய கதை நம்மை வியப்பில் ஆழ்த்தியது. அது அலாவுதீன் கதை! ஆயின் அவருடைய அலாவுதீன் உப்பளத் தொழிலாளியின் மகன். அவன் கண்டெடுத்ததோ அரிக்கேன் விளக்கு. அது புதைந்து கிடந்ததோ உப்புப் பாத்தியின் அடியில். பூதம் தோன்றி, என்ன வேண்டும் எனக் கேட்டபோது அவன் பொன்னும் கேட்கவில்லை, அரண்மனையும் கேட்கவில்லை. "மழை வரணும், ஆனா உப்பை வாரின பிறகு வரணும்" என்றானாம். இக்கதையைத் தம் தாயிடம் கேட்டதாகவும், தாய் அதனைக் கீற்றுக்கொட்டகைப் படத்தில் பார்த்ததாகவும் அவர் கூறினார்.

அன்று மாலை தேநீர்க் கடை வாயிலில் சிறுவர் இருவர் கைப்பேசியில் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டோம். கைப்பேசித் திரையில் கூரைக்குக் கூரை தாவிய சிறுவனும் அலாவுதீனே! 1993-ஆம் ஆண்டு வெளிவந்த பழைய தொலைக்காட்சி விளையாட்டு ஒன்றைக் கைப்பேசியில் இயக்கி அவர்கள் ஆடிக்கொண்டிருந்தனர். ஒரே நாளில் ஒரே ஊரில் ஒரு கதை, பாட்டியின் நாவிலும் பேரன் வயதுச் சிறுவரின் விரல் நுனியிலும் வாழக் கண்டோம். இக்கதை எங்குத் தோன்றி, எவ்வெவர் கைகளைக் கடந்து இவ்விரு வடிவங்களை எய்தியது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையின் பிறப்பு

ஆயிரத்தொரு இரவுகள் என்றதும் அலாவுதீன் நம் நினைவுக்கு வருகிறான். ஆயின் அந்நூலின் பழைய அரபுச் சுவடிகளில் அவன் இல்லை என்பதைப் பலரும் அறியார். பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான் 1704 முதல் 1717 வரை அக்கதைகளைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அவர் கையிலிருந்த சிரியா நாட்டுச் சுவடியில் கதைகள் தீர்ந்துபோயின. வாசகரின் ஆவலோ தீரவில்லை. அந்நிலையில், 1709-ஆம் ஆண்டு பாரிசில் அவர் ஹன்னா தியாப் என்னும் இளைஞரைச் சந்தித்தார். ஹன்னா, அரபு மக்கள் ஹலப் என வழங்கும் அலெப்போ நகரத்தவர், மாரோனியக் கிறித்தவர், பால் லூக்கா என்னும் பயணியுடன் பாரிசுக்கு வந்தவர். அவர் கூறிய கதைகளுள் அலாவுதீன் கதையும் ஒன்று. அலிபாபா கதையும் ஒன்று.

கலான் தம் நாட்குறிப்பில் ஹன்னாவைக் குறித்துள்ளார். ஆயின் அச்சிட்ட நூலில் அவர் பெயரைக் குறிக்கவில்லை. உலகமே கொண்டாடிய கதையைச் சொன்னவர் பெயர் நூலைப் படித்தோர்க்குத் தெரியாமற் போயிற்று. முதுமையில் ஹன்னா அரபு மொழியில் எழுதிய பயண வரலாறு வத்திக்கான் நூலகத்தில் பெயரறியா நூலாகக் கிடந்தது. அது அவருடையதே என 1993-இல்தான் அடையாளம் காணப்பட்டது. நாம் கூறவிருக்கும் ஆட்டம் வெளிவந்ததும் அதே ஆண்டு என்பது வியப்பான ஒற்றுமையாகும்.

ஹன்னா சொல்லக் கலான் எழுதிய கதையில் அலாவுதீன் அரபு நாட்டினன் அல்லன், சீன நாட்டினன். முஸ்தபா என்னும் தையற்காரரின் மகன். விளக்கில் ஒரு பூதம், மோதிரத்தில் ஒரு பூதம் என இரண்டு பூதங்கள் அவனுக்கு ஏவல் செய்கின்றன. வரம் மூன்றே என்னும் வரையறையும் அதில் இல்லை. நாம் இன்று அலாவுதீன் கதை எனக் கருதுவதில் பாதி பின்வந்தோர் சேர்த்ததாகும்.

அரபு, பாரசீக நாட்டுக் கதைகள் தமிழகக் கரைக்கு வருவதும் புதிதன்று. வண்ணப்பரிமளப் புலவர் 1572-இல் ஆயிரமசலா நூலைத் தமிழில் தந்தார். கதை என்னும் பொருளுடைய 'கிஸ்ஸா' என்னும் அரபுச் சொல்லே தமிழில் ஓர் இலக்கிய வகையின் பெயராயிற்று. கடல் கடந்து வந்த கதையைத் தன் மண்ணுக்கேற்ப வளர்த்துக்கொள்வது தமிழுக்குப் பழகிய செயலே. உப்பளத்து அலாவுதீனும் அவ்வழியில் வந்தவனே எனலாம்.

திரையில் அலாவுதீன்

தமிழ்த் திரையுலகம் அலாவுதீனைப் பன்முறை வரவேற்றுள்ளது. டி. ஆர். ரகுநாத் இயக்கத்தில் அக்கினேனி நாகேஸ்வர ராவ், அஞ்சலிதேவி நடித்த 'அலாவுதீனும் அற்புத விளக்கும்' 1957-இல் வெளிவந்தது. அதே பெயரில் கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் நடித்த படம் ஐ. வி. சசி இயக்கத்தில் 1979-இல் வெளிவந்தது. மூதாட்டியின் தாய் கொட்டகையில் கண்டது முதற்படமாக இருக்கலாம்.

அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி நிறுவனம் 1992 நவம்பரில் வெளியிட்ட 'அலாவுதீன்' கையால் வரைந்த ஓவியங்களால் ஆன குடும்பப் படமாகும். ரான் கிளெமென்ட்ஸ், ஜான் மஸ்கர் ஆகியோர் இயக்கினர். நீலநிற பூதத்திற்கு ராபின் வில்லியம்ஸ் குரல் கொடுத்தார். அவ்வாண்டு உலகெங்கும் மிகுந்த வசூல் பெற்ற படமும் அதுவே. கதை நிகழும் அக்ரபா என்னும் நகரம் கற்பனையானது. இளவரசியின் புலிக்கு ராஜா என்னும் பெயர்! சீனத்துச் சிறுவன் அரபு உடை அணிந்து, இந்தியப் பெயருடைய புலியுடன் உலவுவதைக் காண்கிறோம்.

பிறர் கதையை எடுத்தாளுவோர்க்குப் பொறுப்பும் உண்டு. படத்தின் தொடக்கப் பாடலில் அரபு நாட்டைக் கொடுமை நிறைந்த நிலமாகக் காட்டிய அடி ஒன்று இருந்தது. அமெரிக்காவில் வாழும் அரபு மக்களின் அமைப்பு அதனை எதிர்த்தது. 1993-இல் வீட்டு ஒளிநாடாவாகப் படம் வெளிவந்தபோது அவ்வடி மாற்றப்பட்டது. கதைக்கு உரியோர் குரலெழுப்பினால் கதை சொல்லும் முறை திருந்தும் என்பதற்கு இது சான்றாகும்.

தாவல் ஆட்டம் என்பது யாது?

இனி ஆட்டத்திற்கு வருவோம். தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் கருவிகள் தமிழகத்தில் 'டிவி கேம்' என்றும், அவற்றில் செருகும் நினைவுப் பேழைகள் 'கேசட்' என்றும் வழங்கப்பட்டன. அக்கருவிகளில் பெரிதும் விரும்பப்பட்டவை பிளாட்ஃபார்ம் கேம் எனப்படும் ஆட்டங்கள். மேடைக்கு மேடை தாவி முன்னேறுவதே இவற்றின் இயல்பு ஆதலின் தாவல் ஆட்டம் என நாம் அழைக்கலாம். ஜப்பானியர் ஷிகெரு மியாமோட்டோ உருவாக்கிய 'டாங்கி காங்' 1981-இலும், 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1985-இலும் வெளிவந்து இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தன எனலாம்.

உப்பளத்தைக் கண்டோர்க்கு இவ்வாட்டத்தை விளக்குவது எளிது. பாத்திகளுக்கிடையே செல்லும் வரப்பு குறுகலானது. தலையில் உப்புச் சுமை. கீழே வழுக்கும் சேறு. இரு பக்கமும் நீர். அடி தவறினால் சுமையும் போயிற்று, விளைந்த உப்பும் கலங்கிற்று. எங்கு அடி வைப்பது, எங்குத் தாண்டுவது என்பதைக் கண் அளந்து கால் முடிவு செய்கிறது. தாவல் ஆட்டத்தில் நிகழ்வதும் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு. ஆட்டத்தில் விழுந்தவன் மீண்டும் எழுந்து தொடங்கலாம். வரப்பில் விழுந்தவர்க்கு அன்றைய கூலியே கேள்விக்குள்ளாகும்.

கருவியின் உள்ளே நடப்பது கணக்கு. வீரன் நிற்கும் இடத்தை இரண்டு எண்களால் கருவி குறித்துக்கொள்கிறது. ஒன்று கிடைநிலை, மற்றொன்று உயரம். தாவும் பொத்தானை அழுத்தியதும் மேல்நோக்கிய வேகம் ஒன்று அவனுக்கு அளிக்கப்படுகிறது. நொடிக்கு 50 அல்லது 60 முறை அவ்வேகத்திலிருந்து சிறிதளவு கழிக்கப்படுகிறது. வேகம் குறைந்து சுழியமாகி, பின் கீழ்நோக்கித் திரும்புகிறது. எறிந்த கல் விழுவதுபோல் அவனும் வில்லாக வளைந்து இறங்குகிறான். அவன் கால் படும் இடத்தில் மேடை உண்டா என்பதையும் ஒவ்வொரு முறையும் கருவி சோதிக்கிறது. உண்டெனில் நிற்பான், இல்லையெனில் வீழ்வான். இக்கணக்கு ஆடுவோர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே அதன் சிறப்பு.

பெட்டிக்குள் புகுந்த ஓவியம்

ஜப்பானின் சேகா நிறுவனம் உருவாக்கிய 'மெகா டிரைவ்' கருவிக்காக அலாவுதீன் ஆட்டத்தை வெர்ஜின் நிறுவனம் உருவாக்கியது. வட அயர்லாந்தில் பிறந்த டேவிட் பெர்ரி அதன் நிரல் எழுதும் பணிக்குத் தலைமை தாங்கினார். அதற்கு முன் ஆட்டங்களின் உருவங்கள் பெரும்பாலும் கணினியிலேயே புள்ளி புள்ளியாக அமைக்கப்பட்டன. இவ்வாட்டத்திற்கோ டிஸ்னி நிறுவனத்தின் ஓவியர்களே தாளில் அசைவுப் படங்களை வரைந்து தந்தனர். அப்படங்கள் ஒளிவருடி வழியே கணினியில் ஏற்றப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டு, ஆட்டத்தின் உருவங்களாயின. இதனால் அலாவுதீன் ஓடும்போதும், தாவும்போதும், தடுமாறும்போதும் திரைப்படத்தில் கண்ட உயிரோட்டம் ஆட்டத்திலும் அமைந்தது.

இது எளிய செயலன்று. மெகா டிரைவ் கருவி 512 வண்ணங்களை அறியும். ஆயின் ஒரே நேரத்தில் திரையில் சுமார் 64 வண்ணங்களையே காட்டும். அதன் பணி நினைவகம் 64 கிலோபைட். ஆட்டத்தின் ஓவியம், இசை, நிரல் அனைத்தும் 2 மெகாபைட் அளவுள்ள பேழையில் அடங்கவேண்டும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அதனை விஞ்சிவிடும்! திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஆட்டத்தில் அத்துணைப் படங்களுக்கு இடமில்லை. எந்தப் படத்தை நீக்கினாலும் அசைவு குன்றாது என்பதை ஆராய்ந்து ஆராய்ந்து நீக்கினர். தமிழ் மாணவர் இதனை எளிதில் உணரலாம். வெண்பாவின் தளையும் சீரும் புலவனைக் கட்டுப்படுத்துகின்றன. அக்கட்டுக்குள் நின்று அவன் பாடுவதே பாட்டிற்கு அழகு தருகிறது. இங்கும் அவ்வாறே.

அக்ரபாவின் கடைத்தெரு, பாலைவனம், வீட்டுக் கூரைகள், சுல்தானின் சிறை, அற்புதக் குகை, விளக்கின் உட்புறம், அரண்மனை எனக் களங்கள் மாறுகின்றன. அலாவுதீன் கையில் வாள் உண்டு. எறிவதற்கு ஆப்பிள்களும் உண்டு. வழியில் திரட்டும் மணிக்கற்களை வணிகன் ஒருவனிடம் கொடுத்து உயிரையும் வரத்தையும் வாங்கலாம். வரம் என்பது இவ்வாட்டத்தில் அரண்மனையோ பொன்னோ அன்று. தோற்றபின் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும் வாய்ப்பு. எளியோர் வேண்டும் வரமும் பெரும்பாலும் அதுவே என எண்ணத் தோன்றுகிறது.

ஒரு கதை, இரண்டு ஆட்டம்

அதே 1993-ஆம் ஆண்டின் இறுதியில், அதே படத்தைத் தழுவி மற்றோர் ஆட்டமும் வெளிவந்தது. நின்டெண்டோ நிறுவனத்தின் 'சூப்பர் நின்டெண்டோ' கருவிக்காக ஜப்பானின் கேப்காம் நிறுவனம் அதனை உருவாக்கியது. அதனை வடிவமைத்தவர் ஷின்ஜி மிகாமி. பின்னாளில், 1996-இல், 'ரெசிடென்ட் ஈவில்' என்னும் அச்சமூட்டும் ஆட்டத்தால் உலகப் புகழ் பெற்றவர் அவரே.

மிகாமியின் அலாவுதீன் வாள் ஏந்துவதில்லை. எதிரியின் தலைமேல் துள்ளி எழுகிறான். கழிகளைப் பற்றி ஊஞ்சலாடுகிறான். துணியைக் குடைபோல் விரித்து மெல்ல மிதந்து இறங்குகிறான். பெர்ரியின் அலாவுதீன் வீரன். மிகாமியின் அலாவுதீன் கழைக்கூத்தன். கதை ஒன்று, படம் ஒன்று, சொன்னவர் வேறாதலின் கதைமாந்தனின் இயல்பே வேறாயிற்று. கம்பரின் இராமனும் வான்மீகியின் இராமனும் வேறுபடுவதை ஒப்பிலக்கிய வகுப்பில் கற்பிக்கும் நமக்கு இது புதிய பாடமன்று. விளையாட்டுப் பேழையிலும் அப்பாடம் இருக்கக் கண்டதே புதிது.

இரண்டனுள் சிறந்தது எது என்னும் வழக்கு இன்றளவும் ஆடுவோரிடையே உண்டு. தாம் மற்றதை உருவாக்கியிராவிடில், வாளேந்திய ஆட்டத்தையே தாம் வாங்கியிருக்கக்கூடும் என்னும் கருத்தை மிகாமி நேர்காணல் ஒன்றில் வெளியிட்டுள்ளார். போட்டியாளரின் பணியை மதிக்கும் அப்பண்பு போற்றத்தக்கது. மெகா டிரைவ் ஆட்டம் 2019-இலும், சூப்பர் நின்டெண்டோ ஆட்டம் 2021-இலும் புதிய கருவிகளுக்கான தொகுப்புகளில் மீண்டும் வெளியிடப்பட்டன.

பெயரும் பெயரின்மையும்

இவ்வாட்டங்களில் நம் சிந்தையைக் கவர்ந்தது வேறொன்று. ஆட்டம் முடிந்ததும் திரையில் பெயர்கள் வரிசையாக ஓடுகின்றன. ஓவியம் வரைந்தவர், இசை அமைத்தவர், நிரல் எழுதியவர் எனப் பலரும் அதில் இடம்பெறுகின்றனர். இந்த உரிமை எளிதில் வந்ததன்று. அட்டாரி நிறுவனம் தன் ஆட்டங்களில் உருவாக்கியவர் பெயரை வெளியிடாதிருந்த காலம் ஒன்று உண்டு. அந்நிறுவனத்திலிருந்து வெளியேறியோர் சிலர் 1979-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கியமைக்கு அதுவும் ஒரு காரணம். வாரன் ராபினெட் என்பவர் 1980-இல் வெளிவந்த 'அட்வெஞ்சர்' ஆட்டத்தில் மறைவான அறை ஒன்றை அமைத்து, அதனுள் தம் பெயரை எழுதி வைத்தார். எளிதில் கண்ணுக்குப் புலப்படாத புள்ளி ஒன்றைக் கண்டெடுத்துக் கொண்டு செல்வோர்க்கே அவ்வறை திறக்கும். தாம் செய்த பொருளில் தம் பெயரைக் களவாக வைக்க வேண்டிய நிலை ஒரு கலைஞனுக்கு நேர்ந்தது!

நம் சங்கப் புலவர் சிலரின் நிலையும் எண்ணத்தக்கது. செம்புலப்பெயனீரார் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. பாடியவர் பெயர் மறைந்தமையால், பாட்டில் வந்த உவமைத் தொடரையே தொகுத்தோர் பெயராகச் சூட்டினர். பெயர் தெரியாதபோதும் பாடியவர் ஒருவர் உண்டு என்பதை அவர்கள் மறக்கவில்லை. கலான் அச்சிட்ட நூலில் ஹன்னாவுக்கு அந்தச் சிறப்பும் வாய்க்கவில்லை.

மீண்டும் மரக்காணம்

கல்லூரி திரும்பியபின் மாணவரின் கதை ஏட்டைப் புரட்டினோம். அலாவுதீன் கதை ஒரு சொல்லும் குறையாமல் எழுதப்பட்டிருந்தது. திரட்டிய நாள் இருந்தது, இடம் இருந்தது, திரட்டிய மாணவர் பெயரும் இருந்தது. கதை சொன்னவர் பெயர் இல்லை! 'உப்பளத் தொழிலாளி, பெண், முதியவர்' என்று மட்டுமே இருந்தது. பிழை மாணவருடையதன்று, பெயரைக் கேட்க வேண்டும் என்று கற்பிக்கத் தவறிய நம்முடையது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் பாரிசில் நேர்ந்த பிழையை, ஹன்னாவின் வரலாற்றை வகுப்பில் கூறும் நாமே செய்திருந்தோம்.

உடனே செல்ல இயலவில்லை. ஐப்பசி மழையில் உப்பளங்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. உப்பு விளையாத அம்மாதங்களில் தொழிலாளர் வேறு வேலை தேடிச் செல்வர். அவரைக் காண இயலுமோ என்னும் அச்சம் நமக்கிருந்தது. அவர் முதுமையும் அவ்வச்சத்தைப் பெருக்கியது. அடுத்த பருவத்தில் பாத்திகள் மீண்டும் வெளுக்கத் தொடங்கியபோது சென்றோம். அதே நிழலில் அவர் இருந்தார்.

பெயர் கேட்க வந்தோம் என்றதும் சிரித்தார். "உப்புப் பாக்கெட்டுல வாரினவ பேரா சார் போட்டிருக்கு? கதைக்கு மட்டும் எதுக்கு?" என்றார். அவ்வினாவிற்கு நம்மிடம் விடையில்லை. மாணவர் ஒருவர், "பாட்டி, உப்புக்குப் போடலேங்கறதுக்காகக் கதைக்கும் விட்டுடலாமா?" என்றார். சிறிது நேரம் சென்றபின் அவர் தம் பெயரைச் சொன்னார். தம் தாயின் பெயரையும், தாய் பிறந்த ஊரையும் சேர்த்து எழுதச் சொன்னார். "புஸ்தகத்துல எல்லாம் வேணாம் சார், உங்க நோட்டுல இருக்கட்டும்" என்றும் கூறினார். அவர் விருப்பப்படி அப்பெயர்களை ஈண்டு அச்சிடவில்லை. நம் துறையின் ஏட்டில் அவை உள்ளன.

முடிவுரை

அலெப்போ இளைஞரின் நாவில் பிறந்த கதை பிரெஞ்சு நூலாகி, தமிழ்த் திரைப்படமாகி, ஓவியப் படமாகி, 2 மெகாபைட் பேழையில் அடங்கி, மரக்காணத்துச் சிறுவரின் கைப்பேசிக்கு வந்தது. மற்றொரு வழியில் கீற்றுக்கொட்டகை வாயிலாக உப்பளத்திற்கு வந்து, மழைக்காகக் காத்திருக்கும் அலாவுதீனாக வளர்ந்தது. விளையாட்டு என்பதாலேயே ஒன்றை இகழ்வதும், வாய்மொழி என்பதாலேயே மற்றொன்றை மறப்பதும் முறையன்று. இரண்டும் கதை வாழும் இடங்களே. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மனிதர் உள்ளார் என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

இப்பொழுது நம் மாணவர் கதை திரட்டச் செல்லும்போது ஏட்டின் முதல் வரியில் சொன்னவர் பெயரை எழுதுகின்றனர். இரண்டாம் வரியில் அவர் யாரிடம் கேட்டார் என்பதை எழுதுகின்றனர். கதை மூன்றாம் வரியிலிருந்து தொடங்குகிறது.